பல்செட்காரர் சொன்ன ஆமென்

பல்செட் செய்கிறவருக்கு வாயே கிடையாது என்று தெருவில் பேசிக்கொள்வார்கள். இருந்தது. சொந்தப் பற்களோடு கூடிய நல்ல வாய்தான். ஆனால் பொழுது விடிந்து பொழுது போனால் அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்லி, ஆ காட்டச் சொல்லி, கடிக்கச் சொல்லி, கொப்பளிக்கச் சொல்லியே காலம் தள்ளிய மனிதருக்குத் தன் வாயைத் திறக்கிற ஆசை எப்போதோ விட்டுப்போயிருந்தது. ஏதாவது கேட்டால் "ம்" என்பார். கேட்காவிட்டால் அதுவும் மிச்சம்.

வீட்டின் முன்னறைதான் அவருடைய பட்டறை. ஜன்னலோரம் நீளமாக ஒரு மேஜை. அதன்மேல் மெழுகு, சாந்து, அரங்கள், பாலிஷ் போடுகிற சின்னச் சக்கரம், செய்து முடித்த பற்களை ஊறப்போடுகிற கண்ணாடிக் கிண்ணங்கள். சுவர் அலமாரியில் ஊர்க்காரர்களின் ஈறுகளெல்லாம் வெள்ளைச் சாந்தில் அச்சாகி, கூட்டம் தொடங்கக் காத்திருக்கிறவர்கள் மாதிரி வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் சபையார் எழுந்து நின்று பாடும்போது மற்றவர்கள் ராகத்தைக் கேட்பார்கள். இவர் கடைசி வரிசையில் நின்றுகொண்டு, தன் கைவேலை எந்த அடியில் லேசாக ஆடுகிறது என்று காதைத் தீட்டிக் கேட்டுக்கொண்டிருப்பார்.

அவர் மனைவிக்கோ வாய்தான் உத்தியோகம். பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எது தாமதம், யாருடைய குடை பெஞ்சுக்கடியில் கேட்பாரில்லாமல் கிடக்கிறது என்று நாள் முழுக்க ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டிருப்பார். அவர் சொன்னதற்கு யாரும் எதிர்த்துப் பேசியது கிடையாது. ஒலிபெருக்கியோடு மல்லுக்கு நிற்க யாரால் முடியும்? அந்த வசதி வீட்டிலும் இருந்தால் நன்றாக இருக்குமே என்று ஒரு மனுஷிக்குத் தோன்றினால் அதில் தப்பில்லை. அதற்கு அந்த அம்மாள் கண்டுபிடித்த வழி குடும்ப ஜெபம்.

விளக்கு போட்டதும் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி, ஆளுக்கொரு நாற்காலிக்கு முன்னால் முழங்கால் போடுவார்கள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிற ஒரே மகள் வேதத்திலிருந்து ஒரு பகுதி வாசிப்பாள். பல்செட்காரர், "எல்லாரையும் ஆசீர்வதியும் ஆண்டவரே" என்று ஒற்றை வரியில் தன் பங்கை முடித்துக்கொள்வார். பிறகு அம்மாள் தொடங்குவார். உலக சமாதானத்தில் ஆரம்பித்து, நோயாளிகள், பிரயாணிகள், ஓட்டுநர்கள் என்று படிப்படியாக இறங்கி, கடைசியில் வீட்டுக்குள் நுழைவார்.

"கர்த்தாவே, ஈரத் துண்டைக் கட்டில்மேல் போடுகிற உம்முடைய பிள்ளை ஒருவர் இந்த வீட்டிலே இருக்கிறார். அவர் யாரென்று நீர் அறிவீர். அவரும் அறிவார்."

ஜெபத்துக்கு நடுவில் யாரும் குறுக்கே பேசக்கூடாது, கண்ணைத் திறக்கக்கூடாது. முடிவில் எல்லாரும் சேர்ந்து ஆமென் சொல்லவேண்டும். சொல்லிவிட்டால் அந்தக் காரியம் தீர்ந்தது, அதற்குமேல் அப்பீல் கிடையாது. பல்செட்காரரின் பழைய ஸ்கூட்டர் அப்படித்தான் கைமாறியது. அவருடைய மீசை போனதும் அப்படித்தான். சாப்பாட்டறைச் சுவர் ஆஸ்பத்திரிப் பச்சைக்கு மாறியதும் ஓர் ஆமெனில்தான்.

இதில் அவருக்கு வருத்தம் என்று சொல்லிவிட முடியாது, ஏனென்றால் அவர் எதையும் கேட்டதே இல்லை. முழங்காலில் நின்றபடி தூங்குகிற கலை அவருக்குக் கைவந்திருந்தது. முழங்கைகளை நாற்காலியில் ஊன்றி நெற்றியை உள்ளங்கையில் சாய்த்துவிட்டால், பார்க்கிறவர்களுக்கு மனம் நொறுங்கிய பாவி ஒருவர் கதறுவதுபோல இருக்கும். குறட்டைகூட விம்மலாகத்தான் வரும். மனைவியின் குரல், நிலையத்துக்குள் வருகிற வண்டி மாதிரி மெல்ல வேகம் குறையும் இடத்தில் அவர் விழித்துக்கொண்டு, மற்றவர்களோடு சேர்ந்து "ஆமென்" என்பார். ஒரு நாளும் பிசகியதில்லை.

அந்த வீட்டில் நாலாவதாக ஒருவர் உண்டு. மூக்குக்குக் கீழே நரைத்த மீசையும், கண்ணுக்கு மேலே தொங்குகிற புருவமும், உலகத்தின்மேல் லேசான அதிருப்தியுமாக, ஓய்வு பெற்ற தாசில்தார் மாதிரி முகம். நாய்தான். ஆனால் 'பெரியவர்' என்றுதான் கூப்பிடுவார்கள். மரியாதையாக அவர், இவர் என்றுதான் பேச்சு. தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள், "பெரியவர் மறுபடியும் சோபாவுல போயிட்டாரு, துடைக்கிற துணி எங்கே?" என்று மதில் தாண்டி வருகிற குரலைக் கேட்டு, அந்தக் குடும்பத்தின் பொறுமையை மெச்சிப் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்ததும் உண்டு.

பல்செட்காரர் வாய்விட்டுப் பேசுவது பெரியவரோடு மட்டும்தான். அவர் அரம் போடும்போது பெரியவர் மேஜைக்கு அடியில், அவர் கால்மேல் தாடையை வைத்துப் படுத்திருப்பார். பல் கட்ட வந்த மனிதர் ஒரு பக்கமாகவே மென்று தாடையைக் கோணலாக்கிக்கொண்டதையும், இன்னொரு பாட்டி தனக்கு எடுப்பான பல் வேண்டாம், எதிர்வீட்டுக்காரியைவிட வெள்ளையாக இருந்தால் போதும் என்று கேட்டதையும் பல்செட்காரர் விஸ்தாரமாகச் சொல்லுவார். ஒருநாள் மகள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுவிட்டு, அப்பாவுக்கு இவ்வளவு வார்த்தை தெரியுமா என்று வாயடைத்துப் போனாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் போதகரின் பல்செட் வந்து விழுந்தது.

போதகருடைய பழைய செட் தளர்ந்துவிட்டது. புதியதை ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குள் தருவதாகப் பல்செட்காரர் ஒப்புக்கொண்டு, வேறு வேலையெல்லாம் தள்ளிவைத்துச் செய்தார். சனிக்கிழமை கடைசி பாலிஷ் போட்டு, மேல்செட்டையும் கீழ்செட்டையும் கிண்ணத்துத் தண்ணீரில் இட்டு, வெளிச்சத்தில் பார்க்கலாம் என்று ஜன்னலோரம் வைத்துவிட்டுக் கைகழுவப் பின்கட்டுக்குப் போனார். சோப்பு போடுவதற்குள் வாசலில் தபால்காரப் பெண் போட்ட சத்தம் அடுத்த தெருவரை கேட்டது.

பாவம், அவள்மேல் குற்றமில்லை. கேட்டுக்குப் பின்னால் பெரியவர் உட்கார்ந்து அவளைப் பார்த்துப் புன்னகை செய்துகொண்டிருந்தார். நாய்ச் சிரிப்பு இல்லை, முத்துக் கோத்ததுபோல வரிசை தவறாத மனிதச் சிரிப்பு. அதைப் பார்த்தவர்களில் சிலர், ஆசீர்வாதம் சொல்லிக் கைதூக்கும்போது போதகர் முகத்தில் வருகிற அதே சிரிப்பு என்று இன்றைக்கும் சத்தியம் செய்வார்கள். பெரியவர் அவளிடமிருந்து தபாலை வாங்கிக்கொண்டு நன்றி சொன்னார் என்பதெல்லாம் பிற்பாடு சேர்ந்த சரக்கு.

பல்செட்காரர் ஈரக் கையோடு ஓடிவந்தார். அவரைக் கண்டதும் பெரியவருக்கு விளையாட்டு ஞாபகம் வந்துவிட்டது. தோட்டத்தைச் சுற்றி ஓடினார். பிடித்தபோது மேல்செட் இரண்டாகப் பிளந்திருந்தது. கீழ்செட்டின் முன்பற்கள் செடிகளுக்கு உரமாகப் போயிருந்தன.

மறுநாள் போதகர் பழைய செட்டோடுதான் பிரசங்கத்துக்கு ஏறினார். பழைய ஏற்பாட்டு ராஜாக்களைப் பற்றிய பிரசங்கம். முதல் ராஜாவின் பெயரைச் சொன்னபோதே மேல்செட் இறங்கி வந்து எட்டிப் பார்த்தது. அதற்குப் பிறகு அவர் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. 'அந்த ராஜா', 'அவருக்கு அப்புறம் வந்த ராஜா' என்று நாக்கால் பல்லை முட்டுக்கொடுத்தபடி ஒரு வம்சத்தையே அவசரமாக அடக்கம் செய்துவிட்டு இறங்கிவிட்டார். சபையாருக்குப் பரம சந்தோஷம், சீக்கிரமாகச் சாப்பாட்டுக்குப் போகலாம். வாசலில் பல்செட்காரரைப் பார்த்த போதகர், நாயும் ஆண்டவருடைய படைப்புதானே என்று தளர்ந்த பல்லிடுக்கில் காற்று விசிலடிக்க மன்னித்தும்விட்டார். அறிவிப்பாளர் அம்மாளால்தான் தாங்க முடியவில்லை. பெண்கள் ஐக்கியத்தில் யாரோ ஒருத்தி, உங்கள் வீட்டுப் பெரியவர் இப்போது ஊழியக்காரர்களையே கடிக்க ஆரம்பித்துவிட்டாராமே என்று கேட்டாளாம். அதற்கு மற்றவர்கள் சிரித்தார்களாம்.

அன்று சாயங்கால ஜெபத்தில் உலக சமாதானம் வரவில்லை. பிரயாணிகளும் ஓட்டுநர்களும் அவரவர் பாட்டைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டு, அம்மாள் நேரே வீட்டுக்குள் வந்தார். இது வழக்கமில்லாத வழக்கம். பல்செட்காரர் அதைக் கவனிக்கிற நிலையில் இல்லை. மனவேதனையில் முந்தைய நாள் சரியாகத் தூங்காததால் நெற்றியைச் சாய்த்த உடனே கண் சொருகிவிட்டது.

"கர்த்தாவே, எங்கள் வீட்டு நாயினாலே உம்முடைய ஊழியருக்கு உண்டான அவமானத்தை நீர் கண்டீர். வருகிற சனிக்கிழமை என் தம்பி வந்து அதைத் தன்னுடைய மரக்கடைக் காவலுக்கு அழைத்துப் போகும்படி கிருபை செய்யும்."

மகளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அம்மா வாயிலிருந்து 'நாய்' என்ற சொல்லும் 'அது' என்ற சொல்லும் வந்து அவள் கேட்டதே இல்லை. கண்ணைத் திறக்காமலே அப்பா பக்கம் திரும்பிப் பலமாக இருமினாள். நாற்காலியை ஓர் உதை உதைத்தாள். பல்செட்காரர் திடுக்கிட்டு விழித்தார். ஜெபம் முடிந்துவிட்டது, தான் மட்டும் பின்தங்கிவிட்டோம் என்று நினைத்து, வீடே அதிரும்படி "ஆமென்" என்றார்.

அம்மாளே ஒரு கணம் கண்ணைத் திறந்துவிட்டார். இவ்வளவு மனப்பூர்வமான சம்மதத்தை அவர் எதிர்பார்க்கவில்லை.

சாப்பாடு முடிந்ததும் பல்செட்காரர் மகளைத் தனியாகப் பிடித்தார்.

"எதுக்கும்மா ஆமென் சொன்னேன்?"

"பெரியவரை மாமா கடைக்கு அனுப்பறதுக்கு."

"நீ என்னை எழுப்பியிருக்கலாமே."

"எழுப்பத்தானே அப்பா இருமினேன்."

அடுத்த நாள் மனைவியிடம் போய் நின்றார். தொண்டையைச் செருமினார். அம்மாள் தலையைப் பின்னிக்கொண்டே, ஆமென் சொன்னது நீங்கள்தான், அதுவும் எல்லாருக்கும் முந்திக்கொண்டு, ஆண்டவர் முன்னால் சொன்ன வார்த்தையில் பின்வாங்குகிற பழக்கம் இந்த வீட்டில் கிடையாது என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினார். பல்செட்காரர் "ம்" என்றார். வாயை விற்றுப் பிழைக்கிறவர்களோடு வாயைக் கொடுத்து ஜெயிக்க முடியாது என்று அவருக்குத் தெரியும்.

அந்த வாரம் முழுவதும் போதகருக்கு மறுபடியும் பல் செய்தார். மேஜைக்கடியில் பெரியவர் அவர் கால்மேல் தாடையை வைத்துப் படுத்திருந்தார். ஆனால் மேலே பேச்சு இல்லை. பெரியவர் அவ்வப்போது ஒரு புருவத்தைத் தூக்கி, கதை ஏன் நின்றுவிட்டது என்று பார்ப்பார். அரம் ஓடுகிற சத்தம்தான் பதில். போதகர் வந்து புதுப் பல்லை மாட்டி, கண்ணாடியில் பார்த்து, பிரமாதம் என்றார். பல்செட்காரருக்கு அதில்கூட ருசியில்லை.

சனிக்கிழமை மச்சினன் வந்து இறங்கினான். புதுக் கார். அதன் இருக்கைகளுக்குப் போட்டிருந்த தோலுறை அசல் என்பதை உள்ளே வருவதற்கு முன்பே சொல்லிவிட்டான். தோளில் ஒரு சங்கிலி, யானையைக் கட்டலாம். மரக்கடையில் பலகை திருடு போகிறது, ராத்திரியில் ஒரு குரைப்புச் சத்தம் கேட்டாலே திருடன் ஓடிவிடுவான் என்று திட்டம் சொன்னான். காரின் வாசனை பிடித்துப் பெரியவர் வாலாட்டினார்.

கிளம்புவதற்கு முன் ஒரு வார்த்தை ஜெபித்துவிடலாம் என்றார் அம்மாள். எல்லாரும் முழங்கால் போட்டார்கள். அப்போதுதான் மகள் ஒன்றும் தெரியாத பூனைபோல ஒரு யோசனை சொன்னாள். பெரியவரை அப்பாதானே தூக்கி வளர்த்தார், இன்றைக்கு முடிவு ஜெபத்தை அப்பா செய்யட்டுமே. அம்மாள் தாராளமாகச் சம்மதித்தார். கணவருடைய ஜெபம் ஒற்றை வரி, தம்பிக்கும் நேரமாகிறது.

பல்செட்காரர் கண்ணை மூடினார். வழக்கமான ஒற்றை வரி நாக்கு நுனிவரை வந்து நின்றது. பிறகு அது உள்ளே போய், பின்னாலிருந்து வேறு என்னவோ கிளம்பி வந்தது.

"அப்பா பிதாவே, மச்சானோட நல்ல மனசுக்காக நன்றி. அவரோட புதுக் காருக்காகவும் நன்றி. அந்த சீட்டுகளைக் காப்பாத்தும். பெரியவருக்கு வண்டியில ஏறினா வயிறு புரளும்னு உமக்குத் தெரியும்."

மச்சினனின் ஒரு கண் திறந்தது. பேசக்கூடாது என்பதால் மூடிக்கொண்டது.

"மரத்து மேல பெரியவருக்கு இருக்கிற ஆசையையும் நீர் அறிவீர் ஆண்டவரே. இப்ப நாங்க சாஞ்சிருக்கிற நாற்காலிக் காலெல்லாம் அதுக்குச் சாட்சி. மச்சான் கடையில அவ்வளவு தேக்கு இருக்கு. அவரைச் சோதனைக்கு விலக்கிக் காத்தருளும். கடைக்கு வரப்போற திருடனுக்காகவும் ஜெபிக்கிறேன். பெரியவர் அவனுக்குக் கை குடுப்பார், மல்லாந்து படுத்து வயித்தைச் சொறியச் சொல்லுவார். அவனும் உம்முடைய அன்பை உணரட்டும். இடி இடிச்சா பெரியவர் யாரோட போர்வைக்குள்ளேயாவது பூந்துக்குவார். மச்சானோட வீட்டம்மாவுக்கு அதைத் தாங்கற கிருபையைக் குடும்."

இதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. ஒன்றிரண்டு உண்மைகள் கொஞ்சம் சதைபோட்டிருந்தன, அவ்வளவுதான். மகள் புறங்கையைக் கடித்துக்கொண்டு குலுங்கினாள். பக்தி மிகுதி என்று நினைத்துக்கொள்ளலாம். அம்மாள் முழங்காலில் அசையாமல் நின்றார். காலமெல்லாம் தான் கையாண்ட ஆயுதத்தை இன்னொருவர் கையில் பார்க்கிற திகைப்பு அவருக்கு. குறுக்கே ஒரு வார்த்தை பேச வழியில்லை.

பல்செட்காரர் இன்னும் நிறையச் சொல்லத்தான் நினைத்திருந்தார். ஆனால் வந்தது இவ்வளவுதான்.

"ஒரு கால் மேல தாடையை வெச்சாத்தான் பெரியவர் தூங்குவார். அங்க யார் கால் இருக்கும்னு எனக்குத் தெரியல. என் காலும் சும்மா கிடக்கும். அவ்வளவுதான் ஆண்டவரே. ஆமென்."

"ஆமென்" என்றாள் மகள். "ஆமென்" என்றார் அம்மாள், அவரையும் அறியாமல். மூன்றாவது ஆமென் வரவேயில்லை.

"ஏன்டா, வாயில என்ன? ஆமென் சொல்லு" என்றார் அம்மாள் தம்பியிடம்.

"எதுக்குக்கா சொல்றது? என் தேக்கைத் திங்கறதுக்கா, திருடனுக்கு வயித்தைக் காட்டறதுக்கா?"

"எங்க வீட்டுப் பெரியவருக்கு என்னடா குறைச்சல்? உன் கடைக்குக் காவல் இருக்க அவருக்கு என்ன தலையெழுத்தா?"

கேட்ட பிறகுதான் அம்மாளுக்குத் தான் என்ன கேட்டோம் என்பது காதில் விழுந்தது. ஆனால் ஒலிபெருக்கியில் போன வார்த்தை போனதுதான். மச்சினன் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு, பூட்டையே ரெண்டாகப் போட்டுக்கொள்கிறேன் அத்தான் என்று சொல்லிவிட்டு, பெரியவர் வழியனுப்ப வருவதற்குள் காரின் கதவுகளைச் சாத்திக்கொண்டான்.

கார் திருப்பம் தாண்டியதும் அம்மாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, இவன் இல்லையென்றால் வேறு நல்ல இடமாகப் பார்க்கவேண்டியதுதான் என்று ஆரம்பித்தார்.

"வேண்டாம்" என்றார் பல்செட்காரர். முழங்காலில் இல்லை, நின்றுகொண்டு. கண்ணைத் திறந்துகொண்டு. "அவர் இங்கேயே இருக்கட்டும்."

அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"இதை அன்னைக்கே வாயைத் திறந்து சொல்லியிருந்தா நான் என்ன கடிச்சா தின்னிருப்பேன்?"

"வாயால சொன்னா நீ பதில் சொல்லுவியே."

மகள் சட்டென்று தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். அம்மாள் பதில் சொல்ல வாயெடுத்தார். எடுத்த வாயை மூடி, வேறு பக்கமாகத் தொடங்கினார்.

"ஜெபம்கிற பேர்ல என் தம்பியை விரட்டி அடிச்சீங்க. மேல இருக்கிறவர் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தார்?"

"அவருக்கு ஒரு வாரமாவே தெரியும். அரம் ஓடும்போதெல்லாம் அவர்கிட்டதான் கேட்டுக்கிட்டு இருந்தேன். உன்கிட்ட கேக்கத்தான் பயம்."

அம்மாள் தட்டுகளை எடுத்து வைத்தார், சற்றே கூடுதல் சத்தத்தோடு. பெரியவரின் கிண்ணத்தையும் அவரே நிரப்பினார். நிரப்பும்போது, "வாங்க, தின்னுங்க, ஊர்ல இருக்கிற பல்லெல்லாம் போதாதுன்னு" என்று முணுமுணுத்தது பெரியவருக்கு மட்டும் கேட்டது.

அன்றைக்குச் சாப்பாட்டில் பல்செட்காரர் வாய் ஓயவில்லை. திறந்த வாயை மூட மறந்துவிட்டார் போல. போதகரின் தாடை அமைப்பைச் சொன்னார். பழைய செட் ஏன் இறங்குகிறது என்பதற்குக் கரண்டியை வைத்து விளக்கம் கொடுத்தார். சாதம் ஆறுகிறது என்று அம்மாள் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. கடைசியில் மச்சினனிடம் வந்து சேர்ந்தார்.

"உன் தம்பிக்குக் கீழ்க் கடைவாயில ஒரு பல் ஆடுது. நான் தேக்கைச் சொன்னப்போ பல்லைக் கடிச்சான் பாரு, அந்தச் சத்தத்துல தெரிஞ்சுபோச்சு. ரொம்ப நாள் தாங்காது."

"அப்போ நீங்கதான் செஞ்சு குடுக்கணும்" என்றார் அம்மாள், அவர் தட்டில் குழம்பை ஊற்றிக்கொண்டே. "செஞ்சு, பெரியவருக்கு எட்டாத இடத்துல வைங்க."